‘தாவீதின் குமாரனே’ என்று கூப்பிட்டவர்கள் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இயேசு எருசலேமுக்குள் பவனியாக நுழைந்ததை நினைவுகூரும் குருத்தோலை ஞாயிறை ஒட்டித் தங்கள் நாளிதழின் ஆன்மிகப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ‘தாவீதின் குமாரன்’ என்ற பட்டம் இயேசு கிறிஸ்துவின் உயர்குடிப் பிறப்பைக் காட்டுவது என்றும், அவர் அரச குலத்தவர் என்று அறிந்ததனாலேயே எருசலேம் நகரத்தார் அவரை எதிர்கொண்டு வரவேற்றார்கள் என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். அவருடைய பக்தியில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனால் சுவிசேஷங்களில் இப்பட்டம் வருகிற இடங்களை வரிசையாக எடுத்து வைத்துப் படித்தால் அந்த விளக்கம் நிலைக்காது. இது ஏட்டளவில் நின்றுவிடும் பிழையாக இருந்திருந்தால் நான் எழுதத் துணிந்திருக்க மாட்டேன்.

நான் பாறசாலைக்கு அருகே, களியக்காவிளை எல்லையிலிருந்து சற்றே இப்பால், ஒரு சபையின் ஞாயிறு பள்ளியில் பாடம் சொல்லித் தருபவள். 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடும் கல்குளமும் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது எங்கள் நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றுவிட்டது. ஆகையால் வீட்டில் தமிழும் அலுவலகத்தில் மலையாளமுமாக வாழ்கிறோம். இங்கே ஒரு குடும்பத்தார் எல்லாரும் ஒன்றுகூடும் ‘குடும்ப யோகம்’ கூட்டுவதும், முன்னோர் பெயர்களை மரமாக வரைந்து ‘குடும்ப வரலாறு’ என்று புத்தகம் அச்சிடுவதும் வழக்கம். முன்னோரை நினைப்பது நல்ல காரியம். ஆனால் அப்படிப்பட்ட கூட்டங்களில் இயேசுவின் வம்ச வரலாற்றைச் சொல்லும் மத்தேயு முதல் அதிகாரத்தை வாசித்து, “ஆண்டவரே தம் குலத்தைச் சொல்லிக்கொண்டார், நாம் சொன்னால் என்ன?” என்று பேசுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். கல்யாணப் பேச்சில் “தறவாடு எது?”, அதாவது பரம்பரைக் குடும்பம் எது என்ற கேள்வி பெண்ணின் படிப்புக்கும் குணத்துக்கும் முன்னால் வந்து நிற்கிற ஊர் இது. தங்கள் கட்டுரை இந்தப் பேச்சுக்கு வேதத்திலிருந்தே ஆதாரம் எடுத்துக் கொடுத்தது போலாகிவிட்டது.

பட்டத்தின் வேர் 2 சாமுவேல் 7-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஆண்டவருக்கு ஓர் ஆலயம் கட்ட வேண்டும் என்று தாவீது விரும்பியபோது, நாத்தான் தீர்க்கதரிசியின் வாயிலாக வந்த மறுமொழி, நீ எனக்கு வீடு கட்ட வேண்டாம், நானே உனக்கு வீட்டை உண்டாக்குவேன், உன் சந்ததியின் சிங்காசனம் என்றென்றைக்கும் நிலைத்திருக்கும் என்பதாகும். இந்த வாக்குத்தத்தத்தைப் பெற்ற தாவீது எப்படிப்பட்டவர்? சாமுவேல் பெத்லகேமுக்கு வந்து ஈசாயின் பிள்ளைகளைப் பலிவிருந்துக்கு அழைத்தபோது, பெற்ற தகப்பனே அவரை அழைத்து வரவில்லை. எல்லாருக்கும் இளையவன், ஆடு மேய்த்துக்கொண்டிருக்கிறான் என்று சொல்லி விட்டுவிட்டார். தாவீதின் அரசகுலம் தாவீதிலிருந்தே தொடங்குகிறது. அவருக்கு முன்னால் அந்தக் குடும்பத்தில் முடி சூடியவர் எவருமில்லை.

தாவீது என்பவர் வாழ்ந்தாரா என்றே ஒரு காலத்தில் சிலர் ஐயப்பட்டதுண்டு. இஸ்ரேலின் வடக்கே தேல் தாண் என்ற இடத்தில் 1993-லும் 1994-லும் கிடைத்த கல்வெட்டுத் துண்டுகளில், கி.மு. 9-ஆம் நூற்றாண்டு அரமேய எழுத்தில் ‘தாவீதின் வீடு’ என்று பொறிக்கப்பட்டிருப்பதை அறிஞர்களில் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். அந்த வீடும் நிலைக்கவில்லை. கி.மு. 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாபிலோனியர் எருசலேமைச் சுட்டெரித்த பிறகு தாவீதின் மரபில் ஒருவரும் அங்கே அரசாளவில்லை. பின்னாளில் ஆண்ட அஸ்மோனேயர் ஆசாரிய குலத்தவர், ஏரோது மன்னனோ யூதேயாவுக்குத் தெற்கேயுள்ள இதுமேயாவின் வழியினன். ரோமத் தளபதி பொம்பேயு கி.மு. 63-இல் எருசலேமைப் பிடித்தபின், ‘சாலொமோனின் சங்கீதங்கள்’ என்று வழங்கும் யூதப் பாடல்களில், தாவீதின் குமாரன் எழுந்து அந்நியரை நகரத்திலிருந்து துரத்துவார் என்ற வேண்டுதல் கண்ணீரோடு ஒலிக்கிறது. வெட்டுண்ட மரத்தின் கட்டையைப் பார்த்துக்கொண்டு, “ஈசாயென்னும் அடிமரத்திலிருந்து ஒரு துளிர் தோன்றி” என்ற ஏசாயாவின் வசனத்தைச் சொல்லிச் சொல்லி ஒரு ஜனம் ஏறக்குறைய ஆறு நூற்றாண்டு காத்திருந்தது. அவ்வளவு கனமான எதிர்பார்ப்பைச் சுமந்த பட்டத்தை இயேசுவுக்குச் சூட்டியவர்கள் யார் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

சுவிசேஷங்களில் சீஷர்களில் ஒருவர்கூட அவரை இப்பட்டத்தால் விளித்ததாக எழுதப்படவில்லை. பேதுரு அழைக்கவில்லை, யோவான் அழைக்கவில்லை. மத்தேயுவில் முதலில் இப்படிக் கூப்பிடுகிறவர்கள் இரண்டு குருடர். மாற்குவில் வாய்விட்டுக் கூப்பிட்ட ஒரே ஆள் எரிகோவின் வழியோரத்தில் பிச்சை கேட்டு உட்கார்ந்திருந்த பர்திமேயு. “இயேசுவே, தாவீதின் குமாரனே, எனக்கு இரங்கும்” என்று அவன் கூப்பிட்டபோது, பேசாதிருக்கும்படி அநேகர் அவனை அதட்டினார்கள். அவனோ இன்னும் அதிகமாய்க் கூப்பிட்டான். அதட்டியவர்கள் அவரோடு நடந்து வந்தவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ராஜா போகிற வழியில் பிச்சைக்காரன் சத்தமிடலாகாது என்பது அவர்களுடைய மரியாதை. அவரோ நின்றார், அவனை அழைத்து வரச் சொன்னார், “நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்?” என்று கேட்டார். மன்னனிடம் குடிமகன் முறையிடுவதற்கு உரிய இடத்தை அந்தக் குருடன் அப்பட்டத்தில் கண்டான். நின்று கேட்டதன் மூலம் அவர் அதை ஒப்புக்கொண்டார்.

மத்தேயு 15-இல் வரும் கானானிய ஸ்திரீயைப் பற்றி எத்தனை முறை பாடம் எடுத்தாலும் எனக்குப் போதவில்லை. தீரு, சீதோன் பட்டணங்களின் திசை என்பது இரண்டு மொழியும் இரண்டு ஜனமும் உரசிக்கொள்கிற எல்லைப் புறம். அவளுக்குத் தாவீது ராஜா அல்ல. கானானியரைப் பொறுத்தவரை தாவீதின் பெயர் தங்களை வென்ற குலத்தின் பெயர். அந்தப் பெயரைச் சொல்லிப் பெருமைப்பட அவளுக்கு ஒன்றுமே இல்லை, கூசிப் போவதற்குத்தான் காரணம் உண்டு. இருந்தும், “ஆண்டவரே, தாவீதின் குமாரனே, எனக்கு இரங்கும், என் மகள் பிசாசினால் கொடிய வேதனைப்படுகிறாள்” என்று அவள் கூப்பிடுகிறாள். சீஷர்கள் அவளை அனுப்பிவிடச் சொல்கிறார்கள். இஸ்ரவேல் வீட்டாரிடத்திற்கே தாம் அனுப்பப்பட்டதாக அவரும் சொல்கிறார். பிள்ளைகளின் அப்பத்தை எடுத்து நாய்க்குட்டிகளுக்குப் போடுகிறது நல்லதல்ல என்கிற, கேட்பதற்கே கடினமான வார்த்தையும் வருகிறது. அவள் அதற்கும் விலகவில்லை. எசமான்களின் மேஜையிலிருந்து விழும் துணிக்கைகளைச் சொல்லி மறுமொழி கொடுத்தாள். அவளுடைய விசுவாசம் பெரிது என்ற சான்றைப் பெற்றாள். அந்நேரமே மகள் குணமானாள். எல்லைக்கு இப்பால் பிறந்துவிட்ட காரணத்தால் எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று தெரியாமல் அலுவலக வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் எங்களில் உண்டு. அவள் எந்தப் பட்டியலிலும் இல்லாதவள். ஆனாலும் தாவீதின் குமாரன் தனக்கும் உரியவர் என்று முதலில் கண்டுகொண்ட புறஜாதிப் பெண் அவளே என்று துணிந்து சொல்வேன்.

நோயாளிகளும் வேதனைப்படுகிறவர்களும் ஏன் குறிப்பாக இந்தப் பட்டத்தைச் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதற்கு அறிஞர்கள் வெவ்வேறு காரணம் சொல்கிறார்கள். தாவீதின் மகனாகிய சாலொமோன் பேய் ஓட்டும் வித்தை அறிந்தவர் என்ற நம்பிக்கை யூதரிடையே இருந்ததை வரலாற்றாசிரியர் யோசேபு எழுதியிருக்கிறார். அதிலிருந்து வந்த வழக்கம் என்பார் உண்டு. அதைவிட எசேக்கியேல் 34-ஆம் அதிகாரமே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. நசல்கொண்டவைகளைக் குணமாக்காமலும், எலும்பு முறிந்தவைகளைக் காயங்கட்டாமலும் தங்களையே மேய்த்துக்கொண்ட மேய்ப்பர்களைக் கர்த்தர் அங்கே கடிந்துகொள்கிறார். அதே அதிகாரத்தில்தான் என் தாசனாகிய தாவீது என்னும் ஒரே மேய்ப்பனை ஏற்படுத்துவேன் என்கிறார். வரப்போகும் தாவீது செய்ய வேண்டிய வேலை சொஸ்தமாக்குவதும் காயங்கட்டுவதும் ஆகும். குருடனும் பிள்ளையைப் பறிகொடுக்க நின்ற தாயும் அதைத்தான் கேட்டார்கள்.

இனிக் குருத்தோலை ஞாயிறுக்கு வருகிறேன். “தாவீதின் குமாரனுக்கு ஓசன்னா” என்று பாடினவர்கள் எருசலேம் நகரத்தார் என்று கட்டுரை சொல்கிறது. மத்தேயு அப்படிச் சொல்லவில்லை. முன்னும் பின்னும் நடந்து வந்த திரளான ஜனங்கள் பாடினார்கள், அவர் எருசலேமுக்குள் பிரவேசித்தபோது நகரத்தார் யாவரும் கலங்கி, “இவர் யார்?” என்று கேட்டார்கள். நாசரேத்திலிருந்து வந்த தீர்க்கதரிசியாகிய இயேசு என்பதே கூட்டத்தாரின் மறுமொழி. குலமரபை அறிந்து வரவேற்ற நகரமாக இருந்தால் அந்தக் கேள்விக்கு இடமில்லை. வந்தவரும் குதிரையில் வரவில்லை. சகரியா சொன்னபடி, தாழ்மையுள்ளவராகக் கழுதையின்மேல் வந்தார்.

அடுத்து நடந்ததுதான் இப்பட்டத்தின் பொருளை முழுக்கத் திறந்து காட்டுகிறது. தேவாலயத்தில் விற்கிறவர்களையும் கொள்ளுகிறவர்களையும் துரத்தியபின், “குருடரும் சப்பாணிகளும் தேவாலயத்திலே அவரிடத்திற்கு வந்தார்கள், அவர்களைச் சொஸ்தமாக்கினார்” என்று மத்தேயு 21:14 சொல்கிறது. மத்தேயு ஏன் ‘குருடரும் சப்பாணிகளும்’ என்று இணைத்து எழுதுகிறார் என்பதை அறிய 2 சாமுவேல் 5-ஆம் அதிகாரத்தைத் திறக்க வேண்டும். தாவீது எருசலேமைப் பிடிக்க வந்தபோது, குருடரும் சப்பாணிகளும் போதும் உன்னைத் தடுக்க என்று அப்போது அங்கே குடியிருந்த எபூசியர் ஏளனம் பேசினார்கள். கோட்டை விழுந்தது. தாவீதின் ஆத்துமா பகைக்கிறவர்கள் என்று அங்கே அவர்களைக் குறித்து எழுதியிருக்கிறது. குருடனும் சப்பாணியும் வீட்டிலே வரலாகாது என்ற சொல்வழக்கும் அதிலிருந்து பிறந்ததாக அந்த அதிகாரமே கூறுகிறது. தாவீது நகரத்துக்குள் நுழைந்த அன்று வெளியே நிறுத்தப்பட்டவர்கள், தாவீதின் குமாரன் அதே நகரத்துக்குள் நுழைந்த அன்று வீட்டுக்குள்ளே வந்து அவரிடத்தில் சேர்ந்தார்கள். இதை எழுதிய சுவிசேஷகர் தற்செயலாக எழுதினார் என்று நான் நம்பவில்லை. தாவீதின் சிங்காசனத்துக்கு உரியவர், தாவீதின் பெயரால் அடைபட்ட கதவைத் தாமே திறந்துவிடுகிறார்.

இந்த வசனத்தைத் தென் திருவிதாங்கூரில் வாசிக்கிறவர்கள் ஊர் வரலாற்றை மறந்து வாசிக்க முடியாது. எங்கள் பகுதிப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக 1820-களிலிருந்து பட்ட அடியும் அவமானமும் தெரிந்ததே. 1859-இல் உத்தரம் திருநாள் மகாராஜா காலத்தில் வெளிவந்த ஆணைகூட, மேல்சாதிப் பெண்கள் அணிவதைப் போல அணியலாகாது என்ற தடையோடுதான் அனுமதி கொடுத்தது. கோயில் வாசல் எல்லா இந்துக்களுக்கும் திறந்தது 1936 நவம்பர் 12-ஆம் தேதி. கோயில்களைச் சொல்லிவிட்டு எங்கள் சபைகளைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் இரண்டு சாதியார் தனித்தனியே அமர்வதற்கென்று ஆலயத்துக்குள்ளேயே தடுப்புச் சுவர் இருந்தது. 1910-இல்தான் அது இடிபட்டது. அந்தச் சுவரின் இரு பக்கமும் இருந்தவர்கள் ஆண்டுதோறும் ‘தாவீதின் குமாரனுக்கு ஓசன்னா’ என்று பாடியிருப்பார்கள்தானே? அதை நினைக்கும்போது நெஞ்சு பதைக்கிறது. பட்டத்தின் பொருளைத் தவறாகப் பிடித்துக்கொண்டால் அதைப் பாடிக்கொண்டே சுவர் எழுப்பவும் முடியும்.

மத்தேயுவின் வம்ச வரலாற்றையே குலப்பெருமைக்கு ஆதாரமாகக் காட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் தாமார் இருக்கிறாள், எரிகோவின் ராகாப் இருக்கிறாள், மோவாபியப் பெண்ணாகிய ரூத் இருக்கிறாள். மோவாபியன் பத்தாம் தலைமுறையானாலும் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது என்று உபாகமம் 23 சொல்லியிருக்க, தாவீதின் பாட்டனாகிய ஓபேதைப் பெற்றவள் ஒரு மோவாபியப் பெண். பத்சேபாளை மத்தேயு பெயரிட்டுச் சொல்லாமல் ‘உரியாவின் மனைவி’ என்றே எழுதி, தாவீதின் பெரும் பாவத்தைப் பட்டியலுக்கு நடுவிலேயே நிறுத்துகிறார். குடும்ப வரலாறு அச்சிடுகிறவர்கள் இப்படி ஒரு வரியை அச்சுக்குக் கொடுப்பார்களா?

அதைவிட முக்கியமானது பட்டியலின் முடிவு. தலைமுறை தலைமுறையாக ‘பெற்றான், பெற்றான்’ என்று வந்த வரிசை யோசேப்பிடம் வந்ததும் நின்றுவிடுகிறது; இயேசுவை யோசேப்பு பெற்றதாக மத்தேயு எழுதவில்லை, மரியாளின் புருஷன் என்று மட்டும் சொல்கிறார். “தாவீதின் குமாரனாகிய யோசேப்பே” என்று தேவதூதன் அழைத்து, மரியாளைச் சேர்த்துக்கொள்ளவும் பிள்ளைக்குப் பெயரிடவும் கட்டளையிடுகிறான், யோசேப்பு பெயரிடுகிறார். தகப்பன் தன் பிள்ளை என்று ஏற்றுப் பெயரிடுவதால் தாவீதின் வீட்டில் அவருக்கு இடம் உண்டாகிறது. மாம்சத்தின்படி தாவீதின் சந்ததி என்று பவுல் எழுதுவதை வைத்து மரியாளும் அம்மரபினர் என்று விளக்குவோர் உண்டு. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் மத்தேயு தன் வாதத்தைக் கட்டியிருப்பது ஒரு தச்சனின் கீழ்ப்படிதலின் மேல். இரத்தத்தைப் பெருமையாகப் பேசுகிறவர்கள் முதலில் படிக்க வேண்டிய அதிகாரம் அது.

இதற்கு நேர்மாறாக, இயேசுவே இப்பட்டத்தை வேண்டாம் என்று தள்ளிவிட்டார் என்று மாற்கு 12-ஐக் காட்டிச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். கிறிஸ்து தாவீதின் குமாரன் என்று வேதபாரகர் எப்படிச் சொல்லுகிறார்கள் என்று கேட்டு, 110-ஆம் சங்கீதத்தில் தாவீதே அவரை ஆண்டவர் என்று அழைக்கும்போது அவர் தாவீதுக்குக் குமாரனாயிருப்பது எப்படி என்று அவர் வினவினார். சில நாட்களுக்கு முன்பு எரிகோவில் பர்திமேயுவின் கூப்பிடுதலை ஏற்றவர், சில நாள் கழித்து அதைத் தள்ளியிருக்க முடியாது. தாவீதைப் போல வாளெடுத்து அந்நியரைத் துரத்தும் இன்னொரு தாவீது என்ற எதிர்பார்ப்பையே அவர் அங்கே கலைக்கிறார். முன்னோனால் பின்னோன் பெருமை பெறுவது உலக வழக்கம். இங்கே தாவீது தன் குமாரனை ஆண்டவர் என்று தொழுகிறார். வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் “நான் தாவீதின் வேரும் சந்ததியும்” என்று அவர் சொல்வதில் இந்த இரண்டும் அடங்கிவிடுகின்றன. தாவீதிடமிருந்து பெருமை கடன் வாங்க வேண்டிய நிலையில் அவர் இல்லை.

அவருடைய உறவினர்கள் இப்பட்டத்தை எப்படிச் சுமந்தார்கள் என்பதற்கும் பழைய சான்று ஒன்று உண்டு. 2-ஆம் நூற்றாண்டினரான எகெசிப்பு எழுதியதை, 4-ஆம் நூற்றாண்டுத் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியு எடுத்துக் கொடுத்திருக்கிறார். ரோமப் பேரரசன் தொமித்தியான், தாவீதின் குலத்தார் அரசுரிமை கேட்டு எழும்பிவிடுவார்களோ என்று அஞ்சி, ஆண்டவரின் சகோதரனாகிய யூதாவின் பேரன்மாரைத் தன் முன் கொண்டுவரச் செய்தான். தாவீதின் குலமா என்று கேட்டான், ஆம் என்றார்கள். சொத்து எவ்வளவு என்று கேட்டான். இருவருக்கும் சேர்த்து 9000 தெனாரியம் பெறும், அதுவும் ரொக்கமாக அல்ல, 39 பிளெத்ரா அளவுள்ள நிலமாக இருக்கிறது, அதில் உழைத்து வரி கட்டிப் பிழைக்கிறோம் என்றார்கள். பிறகு தங்கள் கைகளை நீட்டிக் காண்பித்தார்கள். உழைப்பால் தோல் தடித்துக் காய்த்துப் போயிருந்தது. கிறிஸ்துவின் ராஜ்யம் இவ்வுலகத்துக்கு உரியது அல்ல என்று அவர்கள் விளக்கியதைக் கேட்டபின், அற்பமானவர்கள் என்று எண்ணிப் பேரரசன் அவர்களை விட்டுவிட்டான். தாவீதின் வீட்டார் என்று மெய்யாகவே சொல்லிக்கொள்ள உரிமை பெற்றிருந்த அந்த இருவரும், அதைக் கேட்டவனிடம் காட்டியது காய்த்த கைகளைத்தான்.

குருத்தோலை ஞாயிறு வாசகம் பல சபைகளில் மத்தேயு 21-இன் 11-ஆம் வசனத்தோடு நிறுத்தப்படுகிறது. பவனி முடிந்து ஓலையைப் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார்கள். குருடரும் சப்பாணிகளும் ஆலயத்துக்குள் வந்த 14-ஆம் வசனமும், ஆலயத்திலே ஆர்ப்பரித்த பிள்ளைகள்மேல் பிரதான ஆசாரியர் கோபம் கொண்ட 15-ஆம் வசனமும், குழந்தைகளின் வாயினால் துதி உண்டாகும்படி தேவன் செய்தார் என்று அவர் பிள்ளைகளுக்காகப் பரிந்து பேசிய 16-ஆம் வசனமும் வாசிக்கப்படாமல் போகின்றன. வாசகத்தை 16-ஆம் வசனம் வரை நீட்ட வேண்டும் என்று எங்கள் போதகரிடம் கேட்டிருக்கிறேன். தங்கள் நாளிதழும் அடுத்த ஆண்டுக்கான கட்டுரையில் அந்த வசனங்களையும் சேர்த்து வெளியிட வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டம்.